மூன்று தலைகள் எழுதிய தேர்வு

ஆரணி, 3.3.2025

அன்பு மருமகள் மதிவதனிக்கு,

ஒருவரும் நம்பப்போகாத கதையைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து சொல்கிறேன். உங்கள் டச்சுக் கம்பெனியின் ஆரணிப் பட்டுக் கிடங்கில் மேலாளர் வேலைக்குத் தேர்வு எழுதப் போனேன். என்னைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் எழுந்து நின்றது. “உட்காரு” என்று நான் சொன்ன பிறகுதான் கேள்வி கேட்டது. பணிவாகப் பதில் சொல்லிவிட்டேன்.

நான் வேலை பார்த்த பழைய கிடங்கை மூடியதிலிருந்து உன் அத்தை, “இதுவும் இல்லன்னா படவேட்டு அம்மா வூட்டுக்கே பூடுவேன்” என்கிறாள். பஸ் கிடைக்காததால்தான் இன்னும் இங்கே இருக்கிறாள்.

மாமா தென்னரசு

ரோட்டர்டாம், 10.3.2025

அன்புள்ள மாமா,

உங்களுக்குத்தான் கடைசி இடம். ‘நான் திறமையானவன்’ என்ற வரிக்கு ‘இல்லை’ என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு அளக்கிற கதையெல்லாம் அங்கே எங்கே போனது? இந்த ஊரில் தன்னைப் பற்றித் தானேதான் சொல்ல வேண்டும். என் பேரைச் சொல்லிக் கெஞ்சி, இன்னொரு தடவை எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன். இந்த முறை வீட்டிலிருந்தே எழுதலாம்.

மதி

ஆரணி, 17.3.2025

மருமகளே,

உன்னிடம் அளப்பது விளையாட்டு. முன்பின் தெரியாதவன் நிஜமாகக் கேட்டால், ‘நான் கெட்டிக்காரன்’ என்று எந்த வாயால் சொல்வேன்? நம் ஊரில் அதை உடன் வேலை செய்தவன் அல்லவா சொல்ல வேண்டும்? அதனால் பழைய கிடங்கின் அருணகிரியையும் கிருபாகரனையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். அருணகிரி கேள்வியைப் படிக்க, கிருபாகரன் பதில் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன்.

“தென்னரசு அண்ணன் கோச்சிக்குவாரா?”

“ஜல்தியா கோச்சிக்குவாரு, ஜல்தியா மறந்துடுவாரு. ரெண்டுத்தையும் அழுத்துங்கண்ணே.”

முதலிடம் எனக்குத்தான். சூரியனே ஜன்னலில் வந்து எட்டிப்பார்த்தது.

மாமா

ரோட்டர்டாம், 24.3.2025

மாமா,

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மூன்று தலைகள். இங்கே அதற்குப் பெயர் மோசடி. நான்தான் சொல்லிக்கொடுத்தேனா என்று அடுத்த மாதம் பதினோராம் தேதி விசாரிக்கிறார்கள். என் வேலையும் போகலாம். தனியாக உட்கார்ந்து எழுதுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே எனக்கு. தயவுசெய்து வேடிக்கையாக எதுவும் எழுதாதீர்கள்.

மதி

ஆரணி, 31.3.2025

அன்பு மருமகளுக்கு,

வேடிக்கை இல்லாமல் எழுத முயன்றேன். பேனா மயங்கி விழுந்துவிட்டது. தண்ணீர் தெளித்து எழுப்பி, உன் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது போவதற்குத் திருமலைக் குன்று ஓரமாக நகர்ந்து வழிவிட்டது. கடல் இரண்டாகப் பிளந்தது. சேதி கேட்டுப் படவேட்டுக்குப் போக அத்தை கட்டிய மூட்டை தானே அவிழ்ந்துகொண்டது.

இதில் எதையும் நம்பாதே. கம்பெனிக்கு எழுதியது மட்டும் நிஜம். பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், என்னைப் பற்றி நானே சொன்னேன்: “மதிவதனிக்கு எதுவும் தெரியாது. ஆட்களைக் கூட்டிவந்தது நான். இந்த வேலை எனக்கு வேண்டாம்.”

மாமா தென்னரசு