தினம் ஏழு இலை

15-10-66

நான் அப்போதே சொன்னேன். ஒருநாள் மெட்ராஸிலிருந்து பெரிய படிப்பாளி ஒருத்தர் செஞ்சிக்கு வருவார், நேராக வேர்க்கடலை மூட்டை அடுக்கிய என் மல்லாட்டை மண்டிக்குத்தான் வருவார் என்று. எவனும் நம்பவில்லை. நேற்று வந்துவிட்டார்! மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் பஸ்ஸிலேயே செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வந்தார். பெயர் அரங்கநாதன், வைத்தியக் கல்லூரிப் பேராசிரியர். பந்தயம் ஓடுகிற காலேஜ் பிள்ளைகளுக்குக் களைப்பு எதனால் வருகிறது, எந்தச் செடி அதைத் தாங்கும் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். எட்டாவது வரை படித்த எனக்கு அவர் பேசியதில் முக்கால்வாசி புரிந்தது. மீதியை அவருக்கு நான் புரியவைத்தேன்.

கோட்டை இருக்கிற ராஜகிரி மலையில், பாறை இடுக்கில் தடித்த இலைச் செடி ஒன்றைக் காட்டினேன். பேர் கேட்டார். "குதிரைக்கால் பூண்டு" என்றேன். வாயில் வந்த பேர்தான், ஆனால் என்ன பொருத்தம்! கோட்டைக் குதிரைக்காரர்கள் மென்றது, மலை ஏறினாலும் மூச்சு வாங்காது என்றேன்.

"வேரா, இலையா?"

வேரைப் பிடுங்கினால் செடியே செத்துவிடும், எங்களைப் போன்ற சமண நயினார்களுக்கு அது ஆகாது. இலை என்றேன்.

"நீங்க சாப்பிட்டதுண்டா, நயினார்?"

"பன்னண்டு வருஷமா தினம் ஏழு இலை."

நோட்டில் எழுதிக்கொண்டார். புஷ்பதந்தன் என்று என் பேரையும், இங்கிலீஷில்!

17-10-66

பூஜை லீவுக்குத் தங்கச்சி மகள் சந்தனா வந்திருக்கிறாள். மெட்ராஸ் காலேஜில் எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். போன வருஷம் ஒரு முழ வித்தியாசத்தில் இரண்டாவதாகப் போய்விட்டாள். அடுத்த பந்தயம் நவம்பர் ஐந்தாம் தேதி.

"மாமா, அந்த எலை நெசமாவே வேலை செய்யுதா? முயலுக்குக் குடுத்துப் பாக்காம மனுஷங்க தின்னக் கூடாதுன்னு உங்க புரொபசர் சொன்னாராமே?"

"முயலுக்கு இன்னாடி தெரியும்? உங்க மாமன் பன்னண்டு வருஷத்து முயலு!"

விழுந்து விழுந்து சிரித்தாள்.

18-10-66

ஏழு இலை பறித்துக் கொடுத்தேன். ரொம்பக் கசப்பாம். நல்லது கசக்கத்தான் செய்யும் என்றேன்.

20-10-66

கோட்டை வாசலைச் சுற்றி ஓடியதில் நாலு செகண்டு குறைந்திருக்கிறது. கடைத்தெருவில் பூவராகவன் செட்டியாரிடம் சொல்லிவிட்டேன், கப்பு நமக்குத்தான் என்று. வயிறு எரிகிறது என்கிறாளாம். "மாமா பன்னண்டு வருஷமா தின்றாரு, உனக்கு மட்டும் இன்னாடி?" என்று தங்கச்சி தர்மவதி அதட்டினாளாம்.

21-10-66

சந்தனா கோட்டைப் படிக்கட்டில் விழுந்துவிட்டாள். வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற மாட்டுவண்டியில் என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "மாமா, எல்லாம் மஞ்சமஞ்சளாத் தெரியுது" என்றாள். மேற்கே பார்த்தேன். எனக்கு ராஜகிரி எப்போதும்போல் கறுப்பாகத்தான் தெரிந்தது.

22-10-66

டாக்டர் விநாயகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தார். நாற்பத்திநாலு.

"ஓடுற பொண்ணுக்கு நாடி கம்மியாத்தான் இருக்கும். ஆனா இது ரொம்பக் கம்மி. என்ன சாப்பிட்டா?"

தர்மவதி இலையைச் சொன்னாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நெசமாவே தின்றீங்களா, நயினார்?"

கம்பவுண்டர் பார்க்கிறான். செட்டியார் பார்க்கிறார். தங்கச்சி பார்க்கிறாள்.

"பன்னண்டு வருஷமா."

"அப்ப எலை இல்ல. ஓடும்போது குடிச்ச கோட்டைச் சுனைத் தண்ணியாத்தான் இருக்கணும்" என்று சொல்லி, அதற்கு மருந்து கொடுத்து, குளுகோஸ் ஏற்றினார்.

வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்டது டாக்டர்தானே, ஊர் இல்லையே — என் நாக்கு என் பேச்சைக் கேட்பதே இல்லை.

23-10-66

காலையில் நாற்பது. மத்தியானம் முப்பத்தெட்டு. எனக்கு எண்ணவே தெரியாமல் இருந்திருக்கலாம்.

நானே ஏழு இலை தின்றுவிட்டால்? ஒன்றும் ஆகவில்லையென்றால் என் பேச்சு நிஜமாகிவிடும் அல்லவா? மலைக்குப் போய்ப் பறித்தேன். ஒன்றை உதடுவரை கொண்டுபோனேன். கீழே போட்டுவிட்டேன். அவள் எத்தனை தின்றாள் — மூன்று நாள், மூவேழு இருபத்தொன்று. நான் ஒன்றுக்கே —

தர்மவதி சொல்கிறாள்: "அண்ணே, ஊசி மருந்து கேக்கல. வீட்டுல மீந்த எலை இருக்குது. நாளைக்குச் சாறு புழிஞ்சு, பொழுது சாயறதுக்குள்ள குடுத்துடறேன். தெம்பு வரும்." எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் யாரும் வாயில் எதுவும் வைப்பதில்லை. நோயாளிக்கும் அதே சட்டம்தான்.

நான் சரி என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

24-10-66

இன்று சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குள் புலி மாதிரிப் பாய்ந்தேன். தர்மவதி டம்ளரை அவள் வாயில் வைக்கப் போகிற நேரம். ஒரே தட்டு! பச்சைச் சாறு சுவரெல்லாம். "குடுக்காதே! நான் ஒருநாளும் தின்னதில்ல! ஆடு மேய்க்கிற துரைக்கண்ணு ஆட்டுக்கால் வீக்கத்துக்கு அந்த வேரை அரைச்சுப் பூசுனான், அவ்ளோதான் எனக்குத் தெரியும்!" என்று கடைத்தெரு வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

டாக்டர் ஓடி வந்தார். "ரெண்டு நாள் வீணாப் போச்சேய்யா!" என்றார். இது இருதயத்தைப் பிடிக்கிற விஷம் என்று வேறு ஊசி போட்டார். முப்பத்தாறு. தர்மவதி என் முகத்தைப் பார்க்கவில்லை.

25-10-66

நாற்பத்தொன்பது.

26-10-66

ஐம்பத்தாறு. மஞ்சள் போய்விட்டதாம். தயிர்சோறு கேட்டாள்.

30-10-66

சந்தனா வீடு திரும்பினாள். ஆறு மாசம் ஓடக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. நவம்பர் ஐந்தாம் தேதிப் பந்தயம் போயிற்று. வாசலில் என்னைத் தாண்டிப் போனவள் நின்று, "உள்ள வாங்க மாமா" என்றாள். தர்மவதி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

பேராசிரியரும் வந்திருந்தார். நோட்டைத் திறந்து, பன்னிரண்டு வருஷத்தை என் முன்னாலேயே சிவப்பு மசியால் அடித்தார். குதிரைக்கால் பூண்டையும் அடித்தார். பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"வேறே ஏதாவது திருத்தணுமா, நயினார்?"

இல்லை என்றேன். அவர் நோட்டில் இல்லை. இந்த டைரியில்தான் இருக்கிறது.

24-ம் தேதி எழுதியதில் பாய்ந்தது பொய். தட்டியது பொய். கத்தியதும் பொய். தர்மவதி சாறு பிழிய ஆரம்பித்ததிலிருந்து நான் அந்த அறையிலேதான் இருந்தேன், ஜன்னலோரம். ராஜகிரிக்கு மேலே சூரியன் ஒரு விரற்கடை நின்றது. அது இறங்கிவிட்டால் தர்மவதி கொடுக்கமாட்டாள், நான் வாயைத் திறக்க வேண்டாம். இறங்கு, இறங்கு என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கவில்லை. டம்ளர் அவள் உதட்டுக்குப் போய்விட்டது.

அப்போது சந்தனாதான் கண்ணைத் திறந்து கேட்டாள், காற்று மாதிரிக் குரலில்.

"மாமா, நீங்க தின்னீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று. அவ்வளவுதான் நான் செய்தது. டாக்டரைக் கூப்பிட ஓடியது தர்மவதி.

டம்ளரைத் தள்ளியது சந்தனாவின் கை.