தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் எனக்கும் ஓர் இடம்

அன்பான அப்பா, அக்காவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அப்பா,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. மாரடைப்பு வந்து நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் தீரவில்லை, அக்கா மேல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் கீழ்க்கட்டளை வீட்டிலிருந்து அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிளம்புவீர்கள். எந்த ஊருக்கும் போவதற்காக அல்ல. பிளாட்ஃபார்ம் டிக்கெட் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, ரயில் பார்த்துவிட்டு வருவீர்கள். "நானும்ப்பா" என்றால், "உனக்கு டியூஷன் இருக்குல்ல" என்பீர்கள். அங்கே இரண்டு பேரும் என்னென்ன பேசிச் சிரிக்கிறீர்களோ என்று டியூஷனில் பொருமிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அக்காவுக்குப் படபடப்பு அதிகமாகி, நானும் அம்மாவும் அவளை ஹார்ட் டாக்டரிடம் கூட்டிப்போனோம். உங்கள் மாரடைப்பைச் சொன்னோம். டாக்டர் அதோடு விடவில்லை. "வீட்ல யாருக்காவது டிப்ரெஷன் இருந்திருக்கா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல டாக்டர். அவர் அமைதியான டைப்," என்றாள் அம்மா.

"இருந்துச்சும்மா," என்றாள் அக்கா. "கேஸ் மாத்திரைன்னு சொல்லிப் போட்டுட்டு இருந்தாரே, அது அதுக்குத்தான். ஆபீஸ்ல தெரிஞ்சிடும்னு பாதியில நிறுத்திட்டார்."

அம்மாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. எனக்கும்தான். காட்டாங்குளத்தூரில் பயோடெக் படித்தவன் நான். மரபணுத் தரவுகளை அலசுவதுதான் வேலை. மனச்சோர்வுக்கும் இதய நோய்க்கும் பொதுவான மரபணு வேறுபாடுகள் சில உண்டு என்பது எனக்குப் பழைய செய்தி. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்குக் கட்டாயம் வரும் என்றில்லை. வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். ஊரார் மரபணுவையெல்லாம் குடைகிற எனக்கு வீட்டுச் சேதி தெரியவில்லை. ஏன்ப்பா என்னிடம் சொல்லவில்லை?

வெளியே வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "அப்போ ஸ்டேஷன்ல ரெண்டு பேரும் என்னதான் பேசினீங்க?"

"ஒண்ணும் பேசலடா. வீட்ல மூச்சு முட்டுதுன்னுதான் கிளம்புவார். ரயில் போற சத்தத்துல அழுவார். நான் பக்கத்துல இருப்பேன்."

அதைக் கேட்டும் பொறாமை போகவில்லை, கூடியது. சிரிப்புக்குத்தான் அவளைக் கூட்டிப்போனீர்கள் என்று நினைத்திருந்தேன். அழுகைக்கும் அவள்தானா? உங்கள் மூக்கு அவளுக்கு, நடை அவளுக்கு. இப்போதெல்லாம் வெயில் ஏறிய பிறகும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாளே, அதுவும் உங்களுடையதுதான்.

மனநல டாக்டரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார் ஹார்ட் டாக்டர். அக்கா மாட்டேன் என்கிறாள். "நெஞ்சுக்குக் குடுத்த மாத்திரையைப் போட்டுக்கறேன். மனசுக்கெல்லாம் வேணாம். நான் டீச்சர்டா, பேரன்ட்ஸ் காதுக்குப் போச்சுன்னா என்னாகும்?" நீங்கள் பயந்த அதே பயம். இதற்கும் ஒரு ஜீன் இருக்கிறதா அப்பா?

நேற்று ஞாயிறு. ஸ்டேஷனுக்குப் போகத் தனியாகச் செருப்பு மாட்டினாள். "நானும் வர்றேன்" என்றேன்.

"அங்க ஒண்ணுமில்லடா."

"அந்த பெஞ்ச் என்ன உங்க ரெண்டு பேர் பேர்ல பட்டாவா?"

ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். போய் உட்கார்ந்தோம். பீச் ஸ்டேஷன் போகும் லோக்கல் ரயில் ஒன்று கிளம்பியது. சும்மா இருக்க எனக்கு வராது, உங்களுக்கே தெரியும்.

"மனநல டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன்."

"யாரைக் கேட்டுடா வாங்கின?"

"ரெண்டு பேருக்கும் வாங்கியிருக்கேன். நானும் அவர் பிள்ளைதானே? எனக்கும் பாத்துக்கணும்."

அடுத்த ரயில் வந்து நின்று கிளம்பியது. பிறகு, "நீ முதல்ல உள்ள போ. உன்னைக் கடிச்சுத் துப்பலன்னா நான் வர்றேன்" என்றாள்.

வியாழக்கிழமை போகிறோம். மாத்திரை கொடுத்தால், அதன் சொந்தப் பெயரிலேயே, அம்மா கண்ணெதிரே போட வைப்பேன். பாதியில் நிறுத்தினால் வீடே அதிரச் சண்டை போடுவேன். உங்கள் பக்கத்தில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருப்பீர்கள், தெரியும். அத்தனை ஞாயிறும் கூட வைத்துக்கொண்டீர்களே, போதும். இனி அவள் என் பக்கத்தில் உட்காரட்டும். அவ்வளவு சீக்கிரம் அவளை உங்களுக்குத் தரமாட்டேன்.

உங்களுக்கும் பிள்ளையான,
அக்காவின் தம்பி