கிளேஸ் தடவாத இடம்

நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் உள்ளங்கையில் ஒரு வளையத்தை வைத்து, "மடிச்சுப் பாருங்கம்மா" என்றார். இரண்டு விரலால் அமுக்கினேன், மடிந்தது. விட்டதும் பழையபடி வட்டமாகிவிட்டது. வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. கட்டைவிரலால் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டாக்டரம்மா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா தேடுறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். சொரசொரப்பைத் தேடினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆமாம், உனக்கு வந்தது போலவே எனக்கும் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. சிரிக்காதே. "நான் உட்கார்ந்த இடத்துல வேலை பாக்குறவ, எனக்கெல்லாம் வராது" என்று உன்னிடம் பீற்றிக்கொண்டதற்குக் கிடைத்த பலன். வளையம் வைத்துக்கொண்டு வந்ததிலிருந்து உடம்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மனசுதான் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. காலையிலிருந்து இரண்டு தடவை வீடு பெருக்கிவிட்டேன். ஊறப்போட்ட அரிசியை மறந்து மறுபடியும் ஊறப்போட்டேன். மஞ்சள் காமாலை உன்னைப் பதினைந்தே நாளில் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ உயிரோடு இருந்தபோது சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் என் மகளின் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன்.

சுனாமிக்கு மூன்று வருஷம் முந்தி என்று நினைக்கிறேன். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் நம் ஷெட்டில் நீ அச்சில் மண் கரைசல் ஊற்றுகிறவள், நான் பக்கத்து மேஜையில் கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு, தடவுகிறவள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவாய். மூன்று பிள்ளை பெற்றவள் நீ. ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு மாதம் முழுசாகப் படுத்திருக்க மாட்டாய். திரும்ப வந்து, நிறைந்த பக்கெட்டைத் தம் பிடித்துத் தூக்குவாய். ஒருநாள் பக்கெட்டைக் கீழே வைத்தவள் அப்படியே குந்திவிட்டாய். என்னடி என்று ஓடி வந்தேன்.

"ஏதோ கீழ எறங்குது புள்ள. ரெண்டு வருசமா இருக்குது. துணி வச்சி கட்டிக்கிட்டுதான் வரேன்" என்றாய், யாரோ ஊர்க்காரி கதையைச் சொல்வது போல.

அந்த மாதமே பேட்டையில் மருத்துவ முகாம் போட்டார்கள். உன்னை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். நர்ஸம்மா நல்லவர், கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "ஒண்ணுக்குப் போறத பாதியில நிறுத்துற மாதிரி உள்ளாற இறுக்கி மேல தூக்குங்க. அஞ்சு எண்ணுற வரைக்கும் இறுக்கம், அஞ்சு எண்ணுற வரைக்கும் தளர்வு. பத்து தடவ, நாளைக்கு மூணு வேளை. மூச்ச அடக்காதீங்க. வயித்த எக்காதீங்க. கழிவறையில உக்காந்துக்கிட்டு செய்யாதீங்க" என்றார். பிறகு ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினார். உனக்குப் பயிற்சி மட்டும் போதாது, கர்ப்பப்பை இறங்காமல் தாங்கிப் பிடிக்க இதையும் உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும், கடலூர் பெரியாஸ்பத்திரியில் அளவு பார்த்துத் தருவார்கள் என்றார். கடலூர் என்றதும் உன் முகம் மாறிவிட்டது. புருஷனுக்குச் சொல்ல வேண்டும், மாமியாருக்குச் சொல்ல வேண்டும். அறுத்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

வெளியே வந்ததும் முதலில் வாயைத் திறந்தது நான். நீ இல்லை. இதை இத்தனை வருஷமாக நான் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்திருக்கிறேன். நீதான் கேட்டாய் என்று கூட ஒரு காலத்தில் என்னை நம்பவைத்துக்கொண்டேன். நான்தான் சொன்னேன்: "ரப்பர் அழுவிப் போவும்டி. நம்ம ஊர்ல பண்ணாத வளையமா? ஆசிட் ஊத்தி வைக்கிற ஜாடியே பீங்கான்ல பண்றோம். அதவிட சுத்தமான சாமான் என்னா இருக்குது? நூறு வருசம் நிக்கும்."

விருத்தாசலத்துக்காரிக்குத்தான் இந்தக் கிறுக்கு வரும். எதைக் கண்டாலும் பீங்கானில் பண்ணிப் பார்க்கிற புத்தி.

நர்ஸம்மா கையில் பார்த்த அளவை மனசில் வைத்துக்கொண்டேன். மண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும் என்று சற்றுப் பெரிதாகவே உருட்டினேன். பொம்மைகளுக்கு நடுவில் ஒளித்துச் சூளைக்கு அனுப்பினேன். பால் வெள்ளையில் வந்தது. நீ அதைச் சேலையில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டு போவலாம் போலருக்குதே" என்றாய். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் அதில் ஒரு இடம் இருந்தது. எந்தச் சாமானாக இருந்தாலும், சூளைத் தட்டில் அது உட்காரும் இடத்தில் கிளேஸைத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். வளையத்துக்கும் அப்படித் துடைத்துவிட்டிருந்தேன். கால் அங்குலம் இருக்கும். வெந்து வந்தபின் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று நின்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கட்டைவிரலால் தடவினேன். இன்னும் இருந்தது. ஏற்றுமதிச் சாமானாக இருந்தால் தூக்கிக் கழிவில் போட்டிருப்பேன். நீ அவசரப்பட்டாய், எனக்கோ என் கைவேலையின் மேல் பெருமை. சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். சரியாகவில்லை என்று என் விரலுக்குத் தெரியும்.

இதுதான் நான் உன்னிடம் சொல்லாதது.

முதல் பத்து நாள் நீ பறந்தாய். "தெரியாமலே போச்சு புள்ள, நடக்குறப்ப ஒண்ணுமே இல்ல" என்று டீ வாங்கிக் கொடுத்தாய். மூன்றாவது வாரம் நாற்றம் வருகிறது என்றாய். அப்புறம் இரத்தம் பட்டது. எடுக்கப் பார்த்தாய், வரவில்லை. மடிகிற சாமானா அது, வளைத்து எடுக்க? காய்ச்சலோடு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். நான் வெளியே பெஞ்சில் உன் செருப்பையும் பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கத்தியது ஒரே ஒரு தடவைதான். அதன்பின் கிண்ணத்தில் அது 'ணங்'கென்று விழுந்த சத்தம் கேட்டது. பீங்கானின் சத்தம் எனக்குத் தெரியாதா?

"யாரும்மா இத குடுத்தது? உள்ள கிழிச்சி புண்ணாக்கி வச்சிருக்கு. பேர சொல்லு" என்று டாக்டர் அதட்டினார்.

"யாரும் குடுக்கல டாக்டர். நானேதான் பண்ணி சூளையில வச்சி எடுத்தேன்."

வாழ்க்கையில் ஒருநாள் கிளேஸ் தொட்டவள் இல்லை நீ. கதவுக்கு இந்தப் பக்கம் நான் எழுந்து நின்றேன். உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். நான்கு எட்டுதான். வேலை போய்விடும், போலீஸ் வரும், ஊர் பேசும் என்று என்னென்னவோ தோன்றி, எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ வெளியே வந்ததும் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை என் மடியில் போட்டு, "உன் சாமான், நீயே வச்சிக்க" என்றாய். கோபமா, கேலியா என்று இன்றுவரை தெரியவில்லை.

புண் ஆறியதும் ரப்பர் வளையம் வைத்தார்கள். கழுவ, திரும்ப வைக்க எல்லாம் கற்றுக்கொண்டாய். அறுவையும் இல்லை ஒன்றுமில்லை. நர்ஸம்மா சொன்ன பயிற்சிக்கு வீட்டில் உனக்கு ஏது நேரம்? அச்சில் கரைசலை ஊற்றிவிட்டு, மண் படிந்து ஓரம் கெட்டியாகக் கட்டும்வரை சும்மா நிற்கிற நேரத்தை அதற்கு எடுத்துக்கொண்டாய். கொஞ்ச நாளில் உன் வரிசைப் பெண்கள் ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் அசையாமல், பேசாமல், சுவரைப் பார்த்து நிற்பீர்கள்.

மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்னாம்மா, எல்லாம் வாய மூடிக்கிட்டு நிக்கிறீங்க? ஸ்ட்ரைக்கா?"

"அச்சு கட்டுதான்னு பாத்துக்கிட்டிருக்கோம் மேஸ்திரி" என்றாய் நீ, எண்ணிக்கை தவறாமல்.

பக்கெட்டைப் பாதி நிரப்பி இரண்டு நடையாகத் தூக்குவது, தூக்கும்போது மூச்சை வெளியே விடுவது எல்லாம் நீ கொண்டுவந்த வழக்கம். நான் மட்டும் அந்த வரிசையில் வந்து நின்றதில்லை. வேலை இருக்கிறது என்பேன். உன் பக்கத்தில் நிற்க என்னால் முடியவில்லை, அதுதான் உண்மை. அதற்கப்புறம் ஆறேழு வருஷம் ஒரே ஷெட்டில் இருந்தோம். எத்தனை டீ, எத்தனை பஸ்ஸு. ஒரு தடவை வாயைத் திறந்திருக்கலாம். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட, எல்லாரையும் விட அதிகமாக அழுதேன், சொல்லவில்லை.

நேற்று வளையம் வைத்ததோடு இது முடிந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், முப்பத்தைந்து வயதிருக்கும். நல்லூரில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கிறாளாம். வளையம் வைக்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். "வருவனோ மாட்டனோக்கா. எங்க ஊர்ல ஒருத்தங்க உள்ள வச்சிக்க ரப்பர் பந்த துணியில தச்சி குடுக்குறாங்க. வெளிய யாருக்கும் தெரியாது பாருங்க" என்று காதோடு சொன்னாள். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான்; வரவில்லை. கால் மணி நேரம் பக்கத்திலேயே இருந்தாள். நான் எதிரே ரோட்டில் வந்துபோகிற பஸ் போர்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், பார்த்தாயா?

இன்று செவ்வாய்க்கிழமை. நீ என் மடியில் போட்ட பொட்டலத்தைத் தகர டப்பாவிலிருந்து எடுத்துவிட்டேன். காகிதம் மட்கிவிட்டது, வளையம் அப்படியே பால் வெள்ளையாக இருக்கிறது. நூறு வருஷம் நிற்கும் என்று சொன்னேனே, நிற்கும்தான். அந்தக் கால் அங்குலமும் அப்படியே இருக்கிறது.

நல்லூர் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்கிறது. அதற்குள் பத்துத் தடவை இறுக்கி, பத்துத் தடவை தளர்த்திவிட்டுத்தான் கிளம்பப்போகிறேன், உன் வரிசையில் கடைசி ஆளாக. அந்தப் பெண்ணின் கையில் இந்தப் பீங்கான் வளையத்தை வைத்து, கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கச் சொல்வேன். அந்த இடம் வந்ததும் அவள் விரல் நிற்கும். இத யாரு பண்ணதுக்கா என்று கேட்பாள்.

நான்தான் என்று சொல்வேன்.