மழைக்குள் இறங்கியவர்கள்

என் அன்பே,

புகைபிடிக்கத் தடை இன்று நம் மதுவிடுதிக்கும் வந்துவிட்டது. அயர்லாந்தில் ஒருத்தனும் அடங்கமாட்டான் என்று சொன்னாயே!

மதியம் நல்ல மழை. ஐம்பது வருடமாகப் புகைக்கும் ஃபின்பார் கிழவர் சிகரெட்டை வாயில் வைத்தார். நான் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தேன்.

"என்னம்மா முழிக்கிறே? இங்கயா பத்த வைக்கப் போறேன்? என் பீரை எவனும் குடிச்சிடாம பாத்துக்கோ" என்றபடி மழைக்குள் இறங்கினார். புகைக்கிற அத்தனை பேரும் பின்னாலேயே போனார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை. பூசையில் நிற்பதுபோல் நான் அசையாமல் நின்றேன். புகையே இல்லாததால் எதிர்ச்சுவரில் நம் கல்யாணப் படம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"அந்தப் புகைக்குள்ள திரும்பப் போகாதீங்க" என்றுதானே டாக்டர் உன்னை அக்கா வீட்டில் இருக்கச் சொன்னார்?

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்து வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.

உன் மனைவி