வண்டி உதைச்ச மூணு வாரம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுறேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், வண்டியும் நல்லா இருக்கு. நீயும் மருமகளும் பேத்தியும் அதே மாதிரி இருக்கணும். போன்லயே சொல்லலாமேன்னு நினைப்பே. நான் போன்ல பேசினா என்ன ஆகுதுன்னு மூணு வாரத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் பார்த்துட்டோம், அதனாலதான் கடுதாசி.

அம்மாவுக்கு முதுகு ஆபரேஷன் தையல் ஆறிடுச்சு. தினமும் காலையில ஏழரைக்கு உடற்பயிற்சி குடுக்கிற இடத்துக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன், நீ வாங்கித் தந்த வண்டியிலதான். கிளட்ச் இல்லாம தானே கியர் மாத்திக்கிற வண்டியில இடது காலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னு அப்பவே கேட்டேன், அம்மாவுக்குக் குலுங்காம போகும்ப்பான்னு நீ சொன்னே. குலுங்காமத்தான் போச்சு, இல்லேன்னு சொல்லல. குளிர் ஆரம்பிச்சதும் காலையில மட்டும் முதல் கியர்லேருந்து ரெண்டாவதுக்கு மாற கொஞ்சம் மெத்தனம் காட்டுச்சு. நான் பானெட்டைத் திறந்து ஒரு சின்ன வேலை பார்த்தேன், அதைப் பின்னாடி சொல்றேன். மறுநாள்லேருந்து வண்டி உதைக்க ஆரம்பிச்சுது. டிரைவ்ல போட்டா ரெண்டு செகண்ட் யோசிக்கும், அப்புறம் யாரோ பின்னாடி வந்து இடிச்ச மாதிரி தொம்முன்னு பிடிக்கும். ரெண்டாவதுக்கு மாறும்போது இன்னொரு தொம்மு. நாலு தெரு தாண்டி சூடு ஏறினாத்தான் அடங்கும். அம்மா முதுகுக்குத் தலகாணியை அண்டக் குடுத்துப் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. டாக்டர் தைச்சதை நீங்க பிரிச்சுட்டுத்தான் விடுவீங்களான்னு ஒரே ஒரு தடவை கேட்டா. அந்த ஞாயித்துக்கிழமைதான் நீ போன் பண்ணினே. அக்கறை இருக்கிற பிள்ளை வாங்கித் தர்ற வண்டியா இது, எதையோ தலையில கட்டிட்டுப் போயிட்டியேன்னு நான் கேட்டேன். நீ சரிப்பான்னு சொல்லி வச்சுட்டே. அதுக்கப்புறம் மூணு ஞாயித்துக்கிழமையும் போன் வரல. நீ வழக்கமா கூப்பிடுற பதினோரு மணிக்கு அம்மா போன் பக்கத்துல உட்கார்ந்து துணி மடிக்கிறா. மடிச்ச துணியையே திரும்ப எடுத்து மடிக்கிறா.

நானும் சும்மா இருக்கல. பேட்டரி முனையைச் சுரண்டினேன், டயருக்குக் காத்து அடிச்சேன், பழைய கம்பளியைப் பானெட் மேல போர்த்திப் பார்த்தேன். கம்பளி சூடா இருந்துச்சு, வண்டி உதைச்சுது. கடைசியில பக்கத்துத் தெருவுல மெக்கானிக்கா இருக்கிற ஒரு அம்மாகிட்ட கொண்டு போனேன். மோந்து பார்த்தே கோளாறைச் சொல்றதால அவங்களை எல்லாரும் மோப்பக்காரம்மான்னுதான் சொல்றாங்க. இன்ஜினைச் சூடாக்கி, கியர் எண்ணெய் அளவுக்கம்பியை உருவி, வெள்ளைக் காகிதத்துல தொட்டு வச்சாங்க. சிவப்பா, நீர்க்க இருக்கணுமாம். இது பழுப்பா, கெட்டியா, அழுகின முட்டை வாடையோட இருந்துச்சு. இதுல யாரோ லாரி எண்ணெய் ஊத்தியிருக்காங்க சார்னு சொன்னாங்க. வண்டி வித்தவங்களா இருக்கும்னு நான் சொன்னேன். பின் சீட்லேருந்து உங்கம்மா நிதானமா, இவர்தாம்மா ஊத்தினார், கால் டின், நான் சமையல்கட்டு ஜன்னல்லேருந்து பார்த்தேன்னு சொன்னா. மூணு வாரமா ஏன் சொல்லலன்னு கேட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்னு சொன்னா.

அந்தச் சின்ன வேலை இதுதான். வண்டி குளிர்ந்திருக்கும்போதே கியர் எண்ணெய் அளவு பார்த்தேன், கோட்டுக்குக் கீழே இருந்துச்சு. முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினவன் யாரையாவது கேட்பானா, ஷெட்டுல கிடந்த என் பழைய டின்னை எடுத்து ஊத்திட்டேன். இந்த வண்டியில எண்ணெய் சூடானாத்தான் கோட்டுக்கு ஏறுமாம், குளிர்ல இறங்கித்தான் இருக்குமாம். லாரி எண்ணெய் குளிர்ல இறுகி, உள்ளே எதையும் நேரத்துக்கு நகர விடலையாம். அவங்க எல்லாத்தையும் வடிச்சு, பில்டரை மாத்தி, புத்தகத்துல போட்டிருக்கிற எண்ணெயையே ஊத்தினாங்க. ரெண்டு நாள் ஓட்டிட்டு மறுபடி வடிச்சு மாத்தினாங்க. கியர் தப்பிச்சது அதிர்ஷ்டம்னாங்க. முதல்ல இருந்த மெத்தனம் கோளாறே இல்லையாம். ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் நின்ன இடத்துலயே ஓட விட்டு, இன்ஜின் வேகம் காட்டுற முள் இறங்கினதும் டிரைவ்ல போட்டு, கொஞ்ச தூரம் அழுத்தி மிதிக்காம ஓட்டினா போதுமாம். உன் ஊர்லயும் குளிர்தானே, நீயும் அப்படியே செய். அளவு பார்த்தா சூட்டுல பாரு, தெரியலேன்னா கேளு. கேட்டா ஒண்ணும் குறைஞ்சு போக மாட்டோம், இது எனக்கு இப்பத்தான் தெரியுது.

நேத்து அம்மா தலகாணி இல்லாம வந்தா, பாதி வழியில தூங்கியும் போயிட்டா. சிக்னல்ல நின்னு அவளையே பார்த்துக்கிட்டு இருந்தேன், பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான். நல்ல வண்டிடா. அவளுக்காக யோசிச்சு நீ வாங்கின வண்டியை நான் கெடுத்துட்டு, பழியை உன் மேல போட்டேன். அது தப்பு. தெரு முழுக்க வேற உன்னைக் குறை சொல்லி வச்சிருக்கேன், அம்மா என்னை வீடு வீடா அனுப்பி உண்மையைச் சொல்ல வைக்கிறா. இன்னும் ரெண்டு வீடு பாக்கி.

மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருங்க. பேத்திக்கு என் முத்தம். ஞாயித்துக்கிழமை பதினோரு மணியை மறந்துடாதே, துணியெல்லாம் மடிச்சாச்சு. போனை நான் எடுத்தாலும் வச்சுடாதே.

இப்படிக்கு,
கால் டின் ஊத்தின உன் அப்பா