இடது ஐந்து, வலது நான்கு

நானா,

இன்று காலை தேக்கா சந்தைக்கு எதிர்ப்புறம் உள்ள ஒரு கடையில் பேத்திக்குக் காலணி வாங்கினேன். வெள்ளை நிறம், ஒட்டுகிற பட்டை வைத்தது. ஒரே மாதிரியில் இரண்டு ஜோடி. ஒன்று ஐந்தாம் அளவு, மற்றது நான்காம் அளவு. கல்லாவில் இருந்த பெண் இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்த்தாள்.

"டுவின்ஸா அங்கிள்?"

"இல்லம்மா, ஒரு பிள்ளைதான்."

"அப்ப சைஸ் தப்பா எடுத்துட்டீங்க லா. மாத்தித் தரவா?"

விளக்கம் சொல்ல நினைத்தேன். எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். "சரியாத்தாம்மா எடுத்திருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நடந்து வரும்போது பையிலிருந்து புதுத் தோலும் பசையும் கலந்த வாசனை வந்தது. உங்கள் கைலிக் கடையில், மேசைக்கு அடியில் குனிந்தால் வருமே, அதே வாசனை. சாலையைக் கடக்காமல் கொஞ்ச நேரம் விளக்குக் கம்பத்தருகே நின்றுவிட்டேன்.

இரண்டு ஜோடி வாங்கி ஒரு ஜோடி போட்டுக்கொள்கிறவராக எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கு இடது எட்டு, வலது ஆறு. மிச்சமாகும் இடது ஆறையும் வலது எட்டையும் பெட்டியில் போட்டு, மேசைக்கு அடியில் கைலிக் கட்டுகளுக்குப் பின்னால் அடுக்கி வைப்பீர்கள். தூக்கிப் போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு நேர் எதிர்க்கால்காரன் ஒருத்தன் எங்கயாச்சும் பொறந்திருப்பான் ஸ்கேலு. அவன் மட்டும் கெடச்சான்னா, ரெண்டு பேரும் சேந்து வாங்கிப் பாதிப் பாதி பிரிச்சுக்கலாம்."

தேக்காவில் பலரும் உங்களை நானா என்றே அழைத்தார்கள். என்னைவிட மூத்தவர் என்பதால் நானும் அப்படியே பழகிக்கொண்டேன். நீங்களோ என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. வடிகால்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வீட்டில் ஆணி அடிப்பதற்கும் அளந்து குறிவைத்துவிட்டுத்தான் சுத்தியலை எடுப்பேன். அதனால் ஸ்கேலு. கேலிதான். ஆனாலும் வேறு யாரும் என்னை இவ்வளவு சரியாக அழைத்ததில்லை.

வலது காலைப் பற்றி எவ்வளவு வேடிக்கை பேசினாலும் நீங்கள் அதை யாருக்கும் காட்டியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலுக்கு வெளியே உங்களுக்காகக் காத்திருந்தபோது அளவு மாறிய உங்கள் காலணிகளைப் பார்த்திருக்கிறேன், காலைப் பார்த்ததில்லை. இந்த ஊரில் காலணியோடு யார் வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. ஆகவே நீங்கள் யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் கம்பிக் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில், காலணி வைக்கும் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்வீர்கள்.

"உள்ள வாங்கண்ணே" என்று என் மனைவி கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்தான். "இங்க காத்து நல்லா வருதும்மா."

தேநீர் கம்பிக் கதவைத் தாண்டி வெளியே வரும். என் மகனின் கல்யாணப் பேச்சின்போதும், என் மனைவி இறந்த அன்றும் நீங்கள் அந்தப் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பேத்தி யாழினி பிறந்தபோது அவளுடைய வலது பாதம் உட்புறமாக மடிந்து, உள்ளங்கால் மற்ற காலைப் பார்த்தபடி இருந்தது. வளைபாதம், சரிசெய்துவிடலாம், அளவு மட்டும் கொஞ்சம் சிறுத்தே இருக்கும் என்றார் மருத்துவர். மருத்துவமனைத் தாழ்வாரத்திலிருந்து உங்களுக்குத்தான் முதலில் தொலைபேசினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தக் காலு?"

"வலது."

"எனக்குப் போட்டியா வந்திருக்கா பாரு" என்றீர்கள். சிரிக்க முயன்றீர்கள்.

வாராவாரம் மாவுக்கட்டு மாற்றினார்கள். ஒவ்வொரு கட்டிலும் பாதம் சிறிது சிறிதாக வெளியே திரும்பியது. குதிகாலுக்கு மேலே சின்னதாக ஒரு கீறல் போட்டார்கள். அதன் பிறகு கம்பி. எங்கள் வீட்டில் அதற்குக் கம்பி என்றுதான் பெயர். இரண்டு சிறிய காலணிகள், அவற்றை அகலமாகப் பிரித்து நிறுத்தும் ஒரு குறுக்குப் பட்டை. முதலில் நாள் முழுவதும், பிறகு இரவிலும் பகல் தூக்கத்திலும். நான்கு வயதுவரை போட வேண்டும் என்றார்கள்.

மகன் குமரனும் மருமகள் நித்யாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். பகலில் பிள்ளை என் பொறுப்பு. வாரத்தில் சில நாள்கள் நித்யாவின் அம்மா ஈசூனிலிருந்து வந்து உதவுவார். மதியம் நான் கம்பியைக் கையில் எடுத்தாலே யாழினி சோபாவுக்குப் பின்னால் தவழ்ந்து போய் ஒளிந்துகொள்வாள். இழுத்து மடியில் போட்டு, குதிகால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, பட்டைகளை வரிசை மாறாமல் இறுக்குவேன். அவள் என் முகத்தைப் பார்த்தே அழுவாள். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, அந்த அறைக்குள் நாங்கள் இருவரும் இருப்போம். அவளைக் கட்டிப்போட்டவன் நான். என்னையும் அங்கிருந்து யாரும் விடுவிக்க மாட்டார்கள் என்று தோன்றும்.

முதல் பிறந்தநாள் தாண்டியது. அவள் நிற்கவில்லை. பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நின்றாள், நடக்கவில்லை. கீழ்த்தளத்தில் அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் பந்தைத் துரத்தி ஓடின. மின்தூக்கியில் யாராவது "இன்னும் நடக்கலையா அங்கிள்?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். நான் காலியான மின்தூக்கி வரும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டேன். வளைபாதத்தோடு பிறந்த பிள்ளைகள் கொஞ்சம் தாமதமாக நடப்பது வழக்கம், கம்பி அதற்குக் காரணம் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கம்பியை விட்டால்தான் பாதம் மறுபடி உள்ளே திரும்பும் என்றும் சொல்லியிருந்தார். அவர் எதிரில் இருக்கும்போது நம்புவேன். வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் வந்துவிடும், நான்தான் பட்டையை அதிகம் இறுக்கிவிட்டேனோ என்று.

ஒரு பரிசோதனையில், காலை மடக்கிப் பார்த்த மருத்துவமனைப் பெண் முகத்தைச் சுருக்கினார். "கொஞ்சம் இறுகின மாதிரி இருக்கு. தூங்கும்போது ஒழுங்கா போடுறீங்களா?"

குமரன் என்னைப் பார்த்தான். "போடுறோம்" என்றேன். நான் அறிந்தவரை அது உண்மை.

அடுத்த வாரம் ஒரு மதியம், சம்பந்தி அம்மாள் வந்திருந்தார். பிள்ளைக்குக் கம்பியை மாட்டி அவரிடம் விட்டுவிட்டுச் சந்தைக்குக் கிளம்பினேன். குடையை மறந்துவிட்டதால் பாதி வழியில் திரும்பினேன். யாழினி காலை மடக்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கம்பி சோபாவின் மெத்தைக்கு அடியில் கிடந்தது.

"சத்தம் போடாதீங்க சம்பந்தி, இப்பத்தான் கண்ண மூடுச்சு" என்றார் அவர். "நீங்களே சொல்லுங்க, காலக் கட்டிப்போட்டா பிள்ள எப்படி நடக்கும்? அதான் நான் வர்றப்பல்லாம் கழட்டிருவேன். நித்யாகிட்ட சொல்லிறாதீங்க. அப்புறம் என்னை வீட்டுப் பக்கமே விடமாட்டா."

அவர் கண்கள் சிவந்திருந்தன. பிள்ளை அழுததைப் பார்த்து அவரும் அழுதிருக்க வேண்டும். நான் குடையை எடுத்துக்கொண்டு நின்றேன். நித்யாவிடம் சொன்னால் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நின்றுவிடும். சொல்லாவிட்டால் கால் போய்விடும். அவரிடமே எதிர்த்துப் பேச எனக்கு வரவில்லை. அவர் கேட்ட கேள்விதானே எனக்குள்ளும் இருந்தது?

நேரே உங்கள் கடைக்கு வந்தேன். சொல்லி முடிக்கும்வரை கைலியை மடித்துக்கொண்டே இருந்தீர்கள்.

"அந்தம்மா இன்னும் வீட்லதான் இருக்காங்களா?"

"இருக்காங்க. நானா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பெரிய சண்டையாயிடும்."

"நான் என்ன சொல்லப்போறேன்? பேச்சுன்னா உனக்குத்தான் காய்ச்சல் வரும். நட."

கடையை அடைத்துவிட்டு என்னோடு வந்தீர்கள். உங்கள் நடைக்கு ஏற்ப மெதுவாக நடப்பது எனக்குப் பழக்கம். அன்று நான்தான் பின்தங்கினேன். எங்கள் வாசலில், எப்போதும் போல, காலணிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தீர்கள். தேநீர் கொண்டுவர நான் உள்ளே திரும்பினேன். பின்னால் கயிறு அவிழ்கிற சத்தம் கேட்டது. இடது காலணியைக் கழற்றினீர்கள். வலதையும் கழற்றினீர்கள். காலுறைகளை உருட்டி அவற்றுக்குள் வைத்தீர்கள். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வெறுங்காலோடு எங்கள் வீட்டுக்குள் வந்தீர்கள்.

பாதத்தின் வெளி ஓரத்தில்தான் ஊன்றினீர்கள். அந்த ஓரம் முழுவதும் தடித்து, வெடித்து, கறுத்திருந்தது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருந்தன. கணுக்கால் அசையவில்லை. நான் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, காலைச் சம்பந்தி அம்மாள் பக்கமாக நீட்டினீர்கள்.

"நல்லாப் பாத்துக்கங்கம்மா. பிள்ளைக்கி இருக்கே, அதே வியாதிதான். எனக்கும் சின்னதுல மாவுக்கட்டுப் போட்டாங்க. ராப்பகலா கத்துனேனாம். எங்க உம்மாவுக்கு மனசு கேக்கல. வாளித் தண்ணியில கால முக்கி ஊறவச்சு, கட்டப் பிரிச்சு எடுத்துட்டாங்க."

சம்பந்தி அம்மாள் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

"பாசத்துலதான் பிரிச்சாங்க. அவங்கள நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. அப்புறம் பெருசானதும் வெட்டிக் கிட்டி கொஞ்சம் திருப்பிவிட்டாங்க, செருப்புக்குள்ள நுழையிற அளவுக்கு. அவ்வளவுதான்."

"வலிக்குதாண்ணே?" என்று கேட்டார்.

"மழ பெஞ்சா வலிக்கும். இந்த ஊர்ல மழ பெய்யாத நாளா?"

அதற்கு அவர் சிரிக்கவில்லை. மெத்தைக்கு அடியிலிருந்து கம்பியை எடுத்தார். யாழினி தூக்கத்திலேயே சிணுங்கினாள். "எந்தப் பட்டைய மொதல்ல இழுக்கணும் சம்பந்தி?" என்று என்னிடம் கேட்டார். நடுப்பட்டை என்று காட்டினேன். நீங்கள் தேநீரை வீட்டுக்குள் உட்கார்ந்து குடித்தது அன்று ஒருநாள்தான். அடுத்த முறை வந்தபோது மறுபடி பெட்டியின் மேல் உட்கார்ந்து, "இங்க காத்து நல்லாருக்கு" என்றீர்கள். நான் வற்புறுத்தவில்லை.

பெருநாள் கழிந்து சில வாரங்களில், ஒரு காலை, கடையைத் திறக்கும் முன்பே உங்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. கடையைக் காலிசெய்தபோது உங்கள் மகள் அந்தப் பெட்டிகளைக் காட்டி, "ஒண்ணுகூட ஜோடியா இல்ல அங்கிள், வாப்பா எதுக்கு இதெல்லாம் சேத்து வச்சிருக்காங்க?" என்று கேட்டார். எதிர்க்கால்காரனைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். பிறகு பெட்டியை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

யாழினி நடந்தாள், நானா. உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதுதான். தாழ்வாரத்தில் காலணிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கையை விட்டுவிட்டு, கதவருகே உட்கார்ந்திருந்த பாட்டியை நோக்கி வந்தாள். நான் எழப் பார்த்தேன். "அசையாதீங்க சம்பந்தி, பயந்துரும்" என்று அவர் மூச்சுக்குள் சொன்னார். பாதம் முழுவதும் தரையில் பதிந்தது. நான் அதைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. வந்து அவர் மடியில் விழுந்தாள். அன்று மதியமும் அவரேதான் கம்பியை மாட்டினார். யாழினி அன்றும் அழுதாள்.

இன்னும் அழுகிறாள். இப்போது ஓடிப்போய் ஒளிகிறாள், அது ஒன்றுதான் வித்தியாசம். நான்கு வயது வர வெகுகாலம் இருக்கிறது. நடக்க ஆரம்பித்த பிறகும் திரும்பிவிடக்கூடும் என்கிறார்கள். ஒவ்வொரு பரிசோதனையிலும் அந்தப் பெண் காலை மடக்கும்போது அவர் முகம் சுருங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதவையும் ஜன்னலையும் இன்னும் சாத்துகிறேன். பட்டையை இறுக்கும்போது, சரியாகத்தான் செய்கிறேனா என்று கேட்க உங்களைத் தவிர எனக்கு ஆள் இருந்ததில்லை.

இன்று வீட்டுக்கு வந்ததும் இடது ஐந்தையும் வலது நான்கையும் அவளுக்குப் போட்டுவிட்டேன். தாழ்வாரத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு, கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அப்படியே உள்ளே போகட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுக்குள் காலணியோடு போன முதல் ஆள் அவள்தான்.

மிச்சமான இடது நான்கையும் வலது ஐந்தையும் ஒரு பெட்டியில் போட்டு, மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் பையில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் போக வேண்டும். அங்கே எத்தனையோ பிள்ளைகள் காத்திருப்பார்கள். இடது பாதம் சிறுத்த பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். இருந்தால் அதன் தாயிடம் என்ன சொல்வது என்று மத்தியானம் முழுவதும் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. நீங்களாக இருந்தால் பெட்டியைத் திறந்து அந்தப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டுச் சிரிப்பீர்கள்.

பெட்டி பையில்தான் இருக்கிறது, நானா.