அக்காவின் இரண்டாம் வாய்ப்பாடு

மார்ச் 4, செவ்வாய்

அக்கா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஆறு நாள். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் வாரிக்கொண்டு போய்விட்டது. முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்து, மூன்று தலைமையாசிரியர்களைத் தண்ணி குடிக்க வைத்த வாய். அதில் இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு வார்த்தை: “ஆமா.”

வாழ்க்கையில் அவள் யாருக்கும் சொல்லாத வார்த்தை அது. விதிக்கு நக்கல் ஜாஸ்தி.

தண்ணி வேணுமா? ஆமா. வேண்டாமா? ஆமா. தலையும் வாயோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு மேலும் கீழும் மட்டுமே ஆடுகிறது. “எல்லாம் புரியுது, வார்த்தைதான் வெளியே வர வழியில்லாம நிக்குது” என்றார் டாக்டர்.

மார்ச் 7, வெள்ளி

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நான் இதை அனுபவிக்கிறேன். ஐம்பத்து நாலு வயதில், கல்யாணம் காட்சி இல்லாமல் அக்காவோடு குடியிருக்கும் இந்த வீட்டில், முதல் தடவையாக என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

“அக்கா, டிவி உடைஞ்சதுக்கு நீதானே காரணம்?”

“ஆமா.”

“கட்டிலுக்கு அடியில கிடக்கற அக்கார்டியனை எடுத்து வாசிக்கட்டுமா?”

“ஆமா.”

பதினோரு வருடத் தடை நீங்கியது! தூசி தட்டித் தோளில் மாட்டினேன். எனக்குத் தெரிந்தது மூன்று பாட்டு. அதில் இரண்டு ஒரே பாட்டுதான் என்று அக்கா அடித்துச் சொல்வாள். துருத்தியில் எங்கேயோ ஓட்டை வேறு, ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல் இரைத்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் டம்ளர் பறந்து வந்து நெற்றியில் பட்டது. இடது கை என்றாலும் குறி தப்பவில்லை.

சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவள் கண்ணில் தண்ணீர்.

புத்தி கெட்டவனே. கேக்கறவன் நீ, பதில் சொல்ல முடியாதவ அவ. இதுல என்னடா ஜெயிச்சுட்ட?

மார்ச் 13, வியாழன்

ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில், நின்றுபோன லிஃப்டை ரிப்பேர் செய்ய அதன் தலைமேல் ஏறி, கையெல்லாம் கிரீஸோடு நான் நிற்கும்போது அக்கா மகளிடமிருந்து போன்.

“மாமா, எங்க ஊர்ல நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு பாத்திருக்கேன். எந்நேரமும் நர்ஸ் இருப்பாங்க. அம்மாகிட்ட போன்ல கேட்டேன். ஆமான்னு சொல்லிட்டாங்க.”

“அவ எல்லாத்துக்கும் ஆமான்னுதாம்மா சொல்றா.”

“அப்ப வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க.”

அக்கா பெற்றதாச்சே. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி வந்து கூட்டிக்கொண்டு போகிறாளாம். பாவம், அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அக்காவைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயா நாலு மணிக்குக் கிளம்பிவிடுகிறாள், நான் வர ஆறாகிறது. நடுவில் அக்கா விழுந்தால்?

மார்ச் 14, வெள்ளி

“போகணுமா?” ஆமா. “இங்கேயே இருக்கணுமா?” ஆமா. போக ஒரு விரல், இருக்க இரண்டு விரல் காட்டச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எல்.கே.ஜி. பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டால்?

மார்ச் 22, சனி

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். அக்காவிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளை வயது இருக்கும்.

“பேச்சு போனவங்கள்ல சில பேருக்குப் பாட்டு மட்டும் வரும் சார். வீட்டுல ஏதாவது வாத்தியம் இருக்கா?”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எண்பது பேர் வகுப்பை ஒரே நொடியில் அடக்கிய பார்வை.

“வாத்தியம்னு சொல்ல முடியாது. ஒண்ணு இருக்கு” என்றேன்.

இரண்டே சுரம் போதுமாம், மேலே ஒன்று, கீழே ஒன்று. நான் வாசிக்க வேண்டும், அக்கா இடது கையால் தட்ட வேண்டும், தட்டலோடு வார்த்தை வரும். சினிமாப் பாட்டு, குழந்தைப் பாட்டு, தாலாட்டு எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. எல்லாவற்றுக்கும் “ஆமா.” தாளம் மட்டும் பிசகவில்லை.

மார்ச் 27, வியாழன்

ஒன்றுமில்லை. மாடி வீட்டுக்காரர் மட்டும் வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 2, புதன்

அக்கா தூங்கிவிட்டாள். எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் சலிப்போடு அதே இரண்டு சுரத்தையும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தேன். கிய்யா–முய்யா, கிய்யா–முய்யா. அக்கா நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டல் திடீரென்று வேகமெடுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஓ–ரிரண்டு ரெண்டு. ஈ–ரிரண்டு நாலு. மூ–விரண்டு ஆறு…”

முப்பத்தோரு வருடம் வகுப்பில் பாடிய அதே இழுப்பு! பத்து வரைக்கும் போனாள். எனக்குக் கண் மறைத்தது, விரல் எந்தக் கட்டையில் விழுந்ததோ தெரியவில்லை. அவள் நிறுத்தாமல் அதே ராகத்தில்:

“தப்–பு தப்பு. திரும்–ப வாசி.”

ஆறு வாரத்துக்கு அப்புறம் வந்த முதல் சொந்தப் பேச்சு. அதுவும் என்னைத் திட்டுவதற்கு. டேய், நீ ஏன்டா அழற?

ஏப்ரல் 9, புதன்

வாய்ப்பாட்டு ராகத்தில் இதுவரை வந்தவை: “தண்–ணி வேணும்.” “ஜன்–னல் சாத்து.” “ஆயா–வுக்கு கூட்டல் தெரியல.” கடைசியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் சொல்லிக்கொடுத்தது ஒன்று: “போ–க மாட்டேன்.” நாலு நாளில் பிடித்துக்கொண்டாள். ஆனால் இது யாருடைய வாக்கியம்? அவளுடையதா, என்னுடையதா? அவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். அவளும் போய்விட்டால் நாலு சுவரும் நானும்தான் என்ற பயம் அதில் எத்தனை பங்கு?

ஏப்ரல் 19, சனி

அக்கா மகள் வந்தாள். பையில் இல்லத்தின் விண்ணப்பம், அம்மாவுக்குப் புதுப் புடவை. நான் அக்கார்டியனை எடுத்தேன். அக்கா தட்டினாள், பாடினாள்: “போ–க மாட்டேன்.”

மகள் அசந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். “ஆமா”வைத் தவிர அம்மா வேறு பேசிக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, இது நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?”

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. “ஆமாம்மா.”

“அப்ப நீங்க அந்தப் பெட்டியோட வெளிய இருங்க. நான் கேக்கறேன்.”

மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன், மடியில் அக்கார்டியனோடு, பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும் தகப்பன் மாதிரி. உள்ளே மகள் குரல், “அம்மா, நீயே சொல்லு.” மாடிப்படிகளை மூன்று தடவை எண்ணி முடித்தேன். போச்சு என்று நினைத்தேன். பிறகு மேஜையில் தட்டும் சத்தம். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரி:

“இவன்… வா–சிப்பு மட்டம். இவன்… ச–மையல் மட்டம். என்… வீ–டு இது. இங்–க இருப்பேன்.”

மகள் கதவைத் திறந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“மாமா, இதை நீங்க சொல்லிக்குடுத்திருக்க மாட்டீங்க.”

“சத்தியமா இல்லம்மா.”

விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். கிழிக்கவில்லை. “ஆனா ஆயா போனப்புறம் அந்த ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வழி பண்ணுங்க” என்றாள்.

ஏப்ரல் 21, திங்கள்

காலை ஏழிலிருந்து மூன்றரை வரை ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன், ஆயாவும் ஆறரைக்கே வர ஒப்புக்கொண்டாள். காரணம் கேட்ட மேற்பார்வையாளரிடம் “வாய்ப்பாடு” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மே 16, வெள்ளி

டாக்டரிடம் போய்வந்தோம். பழைய பேச்சு இனி திரும்பாது, பாட்டாக வருவது இன்னும் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான் என்றார். நேரே அவளிடமே சொன்னார். அக்கா அவர் மேஜையைத் தட்டி, “உண்–மை சொன்னீங்க. நன்–றி” என்று பாடினாள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது, நான் பக்கத்தில் நின்றேன். கண்டக்டர் வந்ததும், நான் வாயைத் திறக்கும் முன்பே முன் சீட்டின் முதுகைத் தட்டி, பஸ் முழுக்கக் கேட்கும்படி எடுத்தாள்:

“ரெண்–டு டிக்கெட். கடை–சி ஸ்டாப்பு.”

அத்தனை தலைகளும் திரும்பின. பள்ளிக்கூடப் பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா கண்டுகொள்ளவில்லை. கண்டக்டர் ஒரு நொடி திகைத்துவிட்டு, “சில்–லறை குடுங்க” என்றான், அதே ராகத்தில். சுரம் தப்பு. அக்கா அவனையும் திருத்தினாள்.

எனக்கு மானம் போயிற்று. ஒரு ஸ்டாப் தூரத்துக்குத்தான். அப்புறம் கம்பியில் நானும் தாளம் போட ஆரம்பித்துவிட்டேன்.